எலிகளுக்கு எழுதிய உறுதி

எனக்கு எண்பத்தாறு வயது நடக்கிறது. ஒன்பது பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஏழு பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் என் தம்பியின் பிள்ளைகள். அந்த ஒன்பது பேரில் ஒருவராவது பசியோடு படுத்ததாகவோ, அழுக்குச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனதாகவோ யாரும் சொல்ல முடியாது. என் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அரைப் பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும். எனக்கு அவசரமில்லை.

நான் எழுத நினைத்தது என்னைப் பற்றி அல்ல. இணுவிலில் எங்கள் அடுத்த வளவில் இருந்த ஒரு மனிதரைப் பற்றி. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய சந்ததி இன்றைக்குப் பெரிய பெரிய உத்தியோகங்களில் இருக்கிறது. தங்கள் பூட்டன் எலிக்குக் காணி எழுதிக் கொடுத்தவர் என்று தெரிந்தால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன். அம்மா அவரை அண்ணை என்பார். ஊரோ, அவர் இல்லாத இடத்தில், உறுதியர் என்றது.

காணி விற்றாலும் வாங்கினாலும், பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தாலும், எங்கள் ஊரில் அதை உறுதி என்னும் பத்திரமாக எழுதி, அத்தாட்சி வைக்கும் நொத்தாரிசிடம் முடிக்க வேண்டும். மாமா பட்டணத்தில் ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்தார். நொத்தாரிசு கையெழுத்து வைப்பார், எழுதுவதெல்லாம் மாமா. வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு, கக்கத்தில் குடை, காதில் பென்சில் என்று காலையில் படலையைத் திறந்துகொண்டு போவார். இருபது வருஷம் உறுதி எழுதிய கை. பிறகு அது கையோடு நிற்காமல் வாய்க்கும் ஏறிவிட்டது. பூனை கதவுக்குப் பின்னால் படுத்திருந்தால் மற்றவர்கள் பூனை கதவுக்குப் பின்னால் என்று சொல்வார்கள். மாமா, கதவுக்குத் தென்னெல்லையில் என்பார். ஒரு நாள் மாமி புட்டுப் பரிமாறும்போது, கத்தரிக்காயை வடக்காலே வை, சம்பலின் எல்லை குழம்புது என்றாராம். மாமி சட்டியை அவர் முன்னால் வைத்து, நாலு எல்லையையும் நீங்களே பிடியுங்கோ என்று எழுந்து போய்விட்டார். இதை மாமியே எங்கள் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார்.

அவருடைய ஏணி எங்கள் வீட்டில்தான் நிற்கும். முருங்கைக்காய் பிடுங்க அம்மா இரவல் வாங்கியது. ஒவ்வொரு சித்திரையிலும் வருஷப் பிறப்புக்கு மறுநாள் காலையில் மாமா வருவார்.

“தங்கச்சி, ஏணியை ஒருக்கால் தா.”

“என்னத்துக்கு அண்ணை?”

“ஒண்டுக்குமில்லை. ஆட்சியை அறுக்க.”

பத்து வருஷம் ஒருவர் தடையில்லாமல் ஆண்டு வந்தால் காணி அவருக்கு என்று சட்டம் இருக்கிறது. காணிக்கான சட்டத்தை மாமா ஏணிக்கும் வைத்தார். ஏணியைத் தன் வளவுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் சாத்தி, பக்கத்தில் கதிரை போட்டு மத்தியானம் வரை இருப்பார். பிறகு தானே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முருங்கையடியில் வைத்துவிட்டு, இனி உனக்கு ஒரு வருஷம் பயமில்லை என்பார். பயம் அவருக்கா எங்களுக்கா என்று அம்மா ஒரு நாளும் கேட்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு அவரைக் கஞ்சன் என்று நினைக்கக் கூடாது. ஒரு வருஷம் வேலி அடைக்கும் நாளில், பழைய உறுதியை ஒரு கையிலும் அளவுகோலை மறு கையிலும் வைத்துக்கொண்டு எல்லை பிடித்தார். தன் வேலி எங்கள் காணிக்குள் ஒரு சாண் வந்திருப்பதைக் கண்டார். கண்டது அவர்தான். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. எங்கள் ஊரில் இரண்டு விரற்கடை வேலிக்கு மூன்று தலைமுறை வழக்குப் பேசிய குடும்பங்கள் உண்டு. மாமா அன்றைக்கே கதியாலெல்லாம் பிடுங்கி ஒரு சாண் பின்னுக்கு நடுவித்தார். அந்த ஒரு சாணில் மாமியின் கறிவேப்பிலை மரம் நின்றது. அதுவும் எங்களுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு மாமி தன் மரத்தில் தானே இலை ஒடிக்க வேலிப் பொட்டால், அதாவது வேலி ஓட்டையால், குனிந்து வரவேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறை குனியும்போதும் புருஷனுக்கு ஒரு திட்டு விழும்.

என் அப்பா மலாயாவில் ரெயில்வேயில் இருந்தார். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வருவார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆகவே அப்பாவுக்குப் போகும் கடிதங்களை மாமாதான் எழுதுவார். ஒரு கடிதம், இத்தால் சகலரும் அறியவேண்டியது என்று தொடங்கி, இணுவில் இறையில் இலந்தையடி என்னும் காணியில் இருக்கும் வீட்டையும் கிணற்றையும் வர்ணித்து, கடைசி வரியில், அவ்வீட்டில் வசிக்கும் உமது மகனுக்குப் பல் முளைத்தது என்று முடிந்தது. அப்பா பாதியில் பயந்து, வீட்டை விற்க வேண்டாம் என்று தந்தி அடித்தார். அம்மா கோபிக்கவில்லை. எழுதினால் அப்படித்தான் எழுத வேண்டும், அப்பதான் ஆரும் மாத்தேலாது என்றார். வாசிக்கத் தெரியாத என் அம்மாவைப் போல எழுத்தை மதித்த ஒருவரை நான் பிறகு கண்டதில்லை.

அந்தத் தம்பிக்குப் பல் முளைத்த வருஷம்தான் என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்கள். எனக்குப் பத்து வயது. யாரிலும் குறை இல்லை. அப்பா இல்லை, தம்பி தவழ்கிறான், கொட்டிலில் மாடு, தோட்டத்தில் மிளகாய்க் கன்று, அம்மாவுக்கு இரண்டு கை போதவில்லை. ஆனால் காலையில் மற்றப் பெண்பிள்ளைகள் சிலேற்றோடு எங்கள் படலையைக் கடந்து போவார்கள். அந்த நேரம் நான் கிணற்றடியில் சாம்பல் போட்டுச் சட்டி தேய்ப்பேன். தலையை நிமிர்த்த மாட்டேன். சட்டியெல்லாம் வெகு பளபளப்பாக இருந்தது அந்த நாட்களில்.

அப்படியிருக்கும்போதுதான் எலிகள் வந்தன.

வல்வெட்டித்துறையில் இருந்து ஒரு தண்டையல், அதாவது பாய்க்கப்பல் ஓட்டுகிறவர், தன் மகளின் சீதன உறுதியை மாமாவிடம் எழுதுவித்தார். உறுதி மனம்போல அமைந்த சந்தோஷத்தில், இரங்கூனில் இருந்து கொண்டுவந்த இரண்டு வெள்ளெலிகளைக் கம்பிவலைப் பெட்டியோடு மாமாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டும் ஆண், பழகின சாதி, கடிக்காது என்று சொல்லியிருந்தார். மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மாமி படலையில் நின்று, அது உள்ளே வந்தால் நான் வெளியே என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். எத்தனையோ பேருடைய காணி வழக்கை ஒரு வசனத்தில் கட்டி நிறுத்திய மனிதரை அந்த ஒரு வசனம் தெருவில் நிறுத்தியது. பிறகு வேலியைச் சுற்றி வந்து பொட்டுக்குள்ளால் பெட்டியை என்னிடம் நீட்டினார். எலிகளின் உரித்து என்னுடையது, பொறுப்பு உன்னுடையது, சத்தம் போடாதே என்றார்.

கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியவை. வெடித்த பருத்திப் பஞ்சு மாதிரி வெள்ளை. கண் மாதுளை முத்து. சோற்றுப் பருக்கையை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிச் சுற்றித் தின்னும். தின்று முடித்ததும் முகம் கழுவும், காதுக்குப் பின்னாலும் தேய்க்கும். என் தம்பி அந்த அளவுக்குச் சுத்தம் அல்ல. கொழுத்ததற்கு ராசா என்றும் மற்றதற்கு மந்திரி என்றும் பேர் வைத்து மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்குப் பின்னால் ஒளித்தேன். இரண்டு நாளைக்குள் ராசா என் தோளில் ஏறிக் காதுக்குள் மூச்சு விடப் பழகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படலையைக் கடக்கும் நேரத்தில் நான் கிணற்றடியில் இல்லை, கொட்டிலில் இருந்தேன்.

மூன்றாம் நாள் பால் கறக்க வந்த அம்மா கண்டுவிட்டார்.

அம்மாவுக்கும் எலிக்கும் பழைய பகை. கலியாணத்துக்குக் கட்டிய கூறைச்சேலையைப் பெட்டகத்தில் வைத்திருந்தார். முதல் வருஷமே எலி பெட்டகத்தைத் துளைத்து, கூறையின் கரையில் கைமுட்டி போகும் அளவுக்கு ஓட்டை போட்டது. அந்த நாள் தொடக்கம் எங்கள் வீட்டில் எலிப்பொறி வைக்காத நாள் இல்லை. விதைநெல்லைத் தின்னும், பனாட்டைத் தின்னும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும் என்று அம்மா விரல் மடக்கிச் சொல்வார். இப்போது என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஒரு வீட்டிலை ஒண்டுக்குப் பொறியும் ஒண்டுக்குப் பெட்டியுமோ?”

நான் அழவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் அப்போதும் கிடையாது. பிள்ளையாரின் வாகனம் அல்லவா என்றேன். அம்மா மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டே, சிவபெருமானின் வாகனத்துக்கு நான் வைக்கோல் போடுகிறேன், பிள்ளையாரின் வாகனத்தைப் பிள்ளையாரே பார்க்கட்டும் என்றார். அதற்கு மேல் சமயத்தில் எனக்குப் படிப்பு இல்லை.

மாமாவிடம் ஓடினேன். மேலிடத்துக்கு மனுப் போடுவோம் என்றார். மேலிடம் என்றால் மலாயாவில் இருந்த அப்பா. அம்மாவும் சம்மதித்தார், கொப்பரின் பதில் வரட்டும், அதுவரைக்கும் இருக்கட்டும் என்றார். அப்பா இல்லை என்றுதான் எழுதுவார் என்று அவருக்கு நிச்சயம். மாமா மூன்று பக்கத்துக்கு எழுதினார். கடிதம் கப்பலில் போய், பதில் கப்பலில் வர ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் எலிகள் கொழுத்தன, நான் மெலிந்தேன்.

பதில் இரண்டு வரி. மாமாதான் வாசித்தார். அப்பா எழுதியிருந்தார்: வீடு உன் அம்மாவின் சீதனம். அதில் எலி இருக்கலாமா என்று சொல்ல எனக்கு உரித்து இல்லை, அவளைக் கேள்.

மாமா கடிதத்தை மடித்தார். நெற்றியில் கையால் ஒரு தட்டுத் தட்டினார். அந்த வீட்டின் சீதன உறுதியை எழுதியதே அவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடுதான் போகும். ஆண்பிள்ளை வந்து இருப்பான், அவ்வளவுதான். காணியில் பாத்தியதை இல்லாத ஆளிடம் மூன்று பக்க மனுப் போட்டுவிட்டேனே என்று மாமி முன்னால் தன்னையே வைதுகொண்டார். மாமிக்கு அன்று நல்ல நாள்.

அம்மா வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தார். வெள்ளிக்கிழமை பெட்டி வளவில் நின்றால், தானே பனங்காணிக்குக் கொண்டுபோய்த் திறந்துவிடுவேன் என்றார். பனங்காணியில் கீரி உண்டு, காகம் உண்டு, ஆந்தை உண்டு. பெட்டிக்குள் வளர்ந்த வெள்ளை எலிக்கு அங்கே ஒரு பகல் கூட இல்லை என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை பின்னேரம் மாமா கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வேலிப் பொட்டால் வரவில்லை. தெருவால் சுற்றி, படலையைத் திறந்து வந்தார். கையில் சுருட்டிய கடதாசி. அம்மா தலையைச் சீர்ப்படுத்திக்கொண்டு பாய் விரித்தார்.

முதலில் கொண்டுவந்தது நன்கொடை உறுதி. எலிகளை எனக்கு நன்கொடையாகக் கொடுப்பதாக எழுதியிருந்தார். அம்மா கேட்டுவிட்டு, எலியை நீங்கள் ஆருக்கும் குடுங்கோ, என்ரை வளவிலை அது எங்கை நிக்கிறது என்றார். மாமாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கேள்வி சரியான கேள்வி. அவரிடம் அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். கோட்டுப் பையில் இருந்து இரண்டாவது கடதாசியை எடுத்தார். அது குத்தகை உறுதி.

அதன் வாசகம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். மாட்டுக்கொட்டிலின் தென்மேற்கு மூலையில் இரண்டு முழ நீளமும் ஒன்றரை முழ அகலமும் கொண்ட நிலம். அதற்கு எல்லை, கிழக்கு மாட்டுத் தொட்டி, வடக்கு வைக்கோல், மேற்கும் தெற்கும் சுவர். இந்த நாலெல்லைக்குள் அடங்கிய நிலத்தை ராசா, மந்திரி என்னும் வெள்ளெலிகள் இரண்டும், அவற்றின் உரிமைக்காரரும் தத்துவகாரரும், என் மகளின் பராமரிப்பில், ஆண்டு அனுபவிக்கச் சம்மதிக்கிறேன்.

அம்மா ஒவ்வொரு எல்லையையும் எழுந்து போய்ப் பார்த்தார். வைக்கோல் குறையுமே, வடக்கெல்லை நகராதோ என்று கேட்டார். மாமா வைக்கோலை வெட்டிவிட்டு, கொட்டிலின் நடுவளைத்தூண் என்று எழுதினார். அடுக்களைப் பக்கம் ஓர் எலி வந்தாலும் குத்தகை முறியும் என்று அம்மா சேர்க்கச் சொன்னார், மாமா சேர்த்தார். கிணற்றில் பங்கு இல்லை என்று எழுதச் சொன்னார், எழுதினார். ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் அப்படி இருந்தார்கள். அம்மா எலியை மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். தன் காணியைப் பற்றித் தன்னிடம் ஒருவர் மரியாதையாகக் கேட்டு எழுதுகிறார் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

எழுதி முடித்து, முழுவதையும் உரத்து வாசித்து, விளங்கினதோ என்று மாமா கேட்டார். விளங்கினது என்று அம்மா சொன்னார். கையெழுத்துக்குப் பதிலாக அம்மா ஒரு புள்ளடி போட்டார். சாட்சிக்கு மாமி, எலி தன் வீட்டுக்கு வராது என்ற நிம்மதியில் ஓடிவந்து கையெழுத்து வைத்தார். கிணற்றில் துலா மிதிக்க வந்த ஆள் இரண்டாவது சாட்சி. பழைய கடித உறையில் இருந்து உரித்த, இங்கிலாந்து ராசாவின் தலை போட்ட முத்திரை ஒன்றை மாமா கீழே ஒட்டினார். உறுதி பெட்டகத்துக்குள், அம்மாவின் சீதன உறுதிக்குப் பக்கத்தில் போனது.

மூன்று கிழமை நிம்மதி. நாலாம் கிழமை ஒரு காலை, பால் செம்போடு போன அம்மா திரும்பி வந்து, கொட்டிலைப் போய்ப் பார் என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் பயம்.

ராசா பெற்றிருந்தது. பத்துக் குட்டி. உரித்த நிலக்கடலைப் பருப்புப் போலச் சிவந்து, கண் திறக்காமல், ஒன்றின் மேல் ஒன்று. ராசா அவற்றை வயிற்றுக்குள் அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. மந்திரி ஒன்றும் தெரியாதது போல ஒரு மூலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தது.

அம்மா சுளகைக் கையில் வைத்திருந்தார். இரண்டுக்குத்தான் சம்மதித்தேன், பத்துக்கு இல்லை, இந்தப் பத்தையும் சுளகில் வைத்து வேலிக்கு அப்பால் வைத்தால் காகம் பார்த்துக்கொள்ளும் என்றார். நான் பொட்டால் நுழைந்து மாமாவிடம் ஓடினேன். ஓடியதில் கதியால் முள் பட்டுச் சட்டை கிழிந்தது. உறுதி இருக்கிறது, மாமா வருவார், வாசிப்பார், எல்லாம் சரியாகும் என்றே நினைத்தேன்.

மாமா தன்னிடம் இருந்த பிரதியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வாசித்தார். திரும்பவும் வாசித்தார். கோட்டைப் போட்டார், பொத்தானை மாற்றிப் பூட்டினார், அவிழ்த்துத் திரும்பப் பூட்டினார். தெருவால் நடந்து எங்கள் படலையைத் திறந்தார். நான் பின்னால் போனேன். அம்மா சுளகோடு முற்றத்தில் நின்றார்.

“தங்கச்சி, பிழை என்னிலை. வெள்ளெலிகள் இரண்டும், அவற்றின் உரிமைக்காரரும் தத்துவகாரரும் எண்டு எழுதிப்போட்டன். எல்லா உறுதியிலும் எழுதிற வசனம், கை தானாய் எழுதிட்டுது.”

உரிமைக்காரர் என்றால் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள்; தத்துவகாரர் என்றால் அவர்கள் சார்பில் நிற்பவர்கள். மனிதருக்கு எழுதும் உறுதியில் அந்த வசனம் இல்லாவிட்டால் சொத்து அந்தரத்தில் நிற்கும். எலிக்கு எழுதிய உறுதியிலும் அவர் அதை விடவில்லை.

நான் உள்ளுக்குள் துள்ளினேன். ஆனால் மாமா நிறுத்தவில்லை. நீ மனமறியச் சம்மதித்தது இரண்டுக்குத்தான், இது என் கைப்பிழை, ஒரு பிழைதிருத்த உறுதி எழுதுகிறேன், ஒரு புள்ளடி போட்டால் பத்தும் செல்லாது என்றார். கடதாசி கையில் தயாராக இருந்தது. என்னைக் காப்பாற்ற வந்தவர் என்று நான் நினைத்த மனிதர் அம்மாவின் பக்கத்துக்குப் போய் நின்றார். பத்து வயதில் எனக்கு அவரைப் போல நேர்மை கெட்டவர் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. ஒரு சாண் வேலியைத் திருப்பிக் கொடுத்த அதே கைதான் அது என்று விளங்க எனக்கு வெகு காலம் எடுத்தது.

அம்மா கடதாசியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

“அண்டைக்கு வாசிக்கேக்கை அந்த வசனத்தையும் வாசிச்சனீங்களோ?”

“ஓம். ஒண்டும் விடாமல் வாசிச்சனான்.”

“நான் கேட்டனானோ?”

“கேட்டுத்தான் புள்ளடி போட்டனீ.”

அம்மா சுளகைச் சுவரில் மாட்டினார். மாட்டிவிட்டுச் சொன்னார்.

“அப்ப அது பிழை இல்லை, அண்ணை. நீங்கள் வாசிச்சியள், நான் கேட்டன், கீறினன். எலிக்கு எண்டு எழுதினதை இண்டைக்கு நான் மாத்தினால், எனக்கு எண்டு எழுதின வீட்டை நாளைக்கு ஆரும் வந்து மாத்தலாம். என்னாலை வாசிச்சுப் பாக்கவும் ஏலாது. எழுதினது எழுதினதுதான்.”

மாமா பிழைதிருத்தக் கடதாசியை நாலாக மடித்து, எட்டாக மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்தார். படலையை மறந்து வேலிப் பொட்டாலேயே குனிந்து போனார். குடையை எங்கள் முற்றத்தில் விட்டுவிட்டார். அவர் குடையை மறந்து நான் கண்ட ஒரே நாள் அது. மாமி பிறகு சொன்னார், அன்று அவர் இலையில் எதை எங்கே வைத்தாலும் எல்லை பேசாமல் சாப்பிட்டாராம்.

மறுநாள் தெளிந்துவிட்டார். மந்திரியை வேறு பெட்டியில் விடவேண்டும், இல்லாவிட்டால் உரிமைக்காரர் பெருகிவிடுவார்கள் என்று, மூலையை நடுவால் பிரித்துப் பங்குபிரி உறுதி ஒன்று எழுதி வந்தார். அம்மா கேட்டார், கீறினார். குட்டிகள் கண் திறந்து மயிர் முளைத்து ஓடத் தொடங்கியதும், ஒவ்வொன்றாக வீடு பார்த்தோம். நாலைத் தண்டையலே திரும்ப வாங்கிக்கொண்டு கப்பலில் ஏற்றினார். ராசா பெற்றது என்றதும் அவர் வெட்கத்தில் எங்கள் வீட்டுக்குத் தேங்காய் அனுப்பினார். மற்ற ஆறும் உடுவில் பக்கம், என்னோடு நாலாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போயின. அவர்கள் எலி வாங்க எங்கள் படலைக்கு வந்தார்கள். நான் கிணற்றடியில் இருந்து எழுந்து போய் அவர்களுக்கு எப்படிப் பிடிப்பது, எதைக் கொடுப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். சிலேற்று வைத்திருந்தவர்கள் அவர்கள், சொல்லிக் கொடுத்தவள் நான். ஒவ்வொரு குட்டிக்கும் மாமா ஒரு துண்டுக் கடதாசியில் உறுதி எழுதிக் கொடுத்தார்.

அம்மா கடைசிவரை எலிப்பொறி வைப்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் கொட்டிலுக்குப் போய், எல்லை பார்க்கிறேன் என்பார். எல்லை பார்க்க எதற்குக் கையில் ஒரு துண்டு தேங்காய் என்று நான் கேட்டதில்லை.

ராசா முதலில் போயிற்று. அடுத்த வருஷம் மந்திரியும் போயிற்று. மூலை வெறுமையானது. அம்மா அதில் தவிட்டுச் சாக்கு வைக்கலாமா என்று மாமாவைக் கேட்டார். மாமா யோசித்தார். உடுவிலில் உரிமைக்காரர் உயிரோடு இருக்கினம், கடலுக்கு அப்பாலும் இருக்கலாம், குத்தகை முடியவில்லை என்றார். அம்மா சாக்கைத் திருப்பிக்கொண்டு போனார். ஏழு வருஷம் அந்த மூலையில் ஒன்றும் வைக்கவில்லை. மாட்டையும் தள்ளித்தான் கட்டினார்.

எனக்குக் கலியாணம் பேசி முடிந்ததும் அந்த வீடு எனக்குச் சீதனமாயிற்று. உறுதியை எழுதியது மாமா. முதலில் எழுதிய நகலில், மாட்டுக்கொட்டிலின் தென்மேற்கு மூலை இரண்டு முழமும் ஒன்றரை முழமும் நீங்கலாக என்று எழுதியிருந்தார். நொத்தாரிசு வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தாராம். சிவப்பு மையால் அந்த வரியை வெட்டிவிட்டார்.

கலியாணத்துக்கு முதல் நாள் மாமா என்னிடம் வந்தார். வீடு நிறைய ஆட்கள். என்னைக் கொட்டில் பக்கம் கூட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பிள்ளை, உனக்கு எழுதித் தந்த காணியிலை இரண்டு முழம் உன்ரை இல்லை. பெரிய ஆக்கள் வெட்டிப்போட்டினம், என்னாலை ஒண்டும் செய்யேலாமல் போச்சு. நீ தெரிஞ்சு வைச்சிரு.”

ஓம் மாமா என்றேன். அவர் கண் கலங்கியிருந்தது. பெண் வீட்டைவிட்டுப் போகும்போது கலங்கும் கண் அல்ல. நான் எங்கே போகிறேன், அதே வீட்டில்தானே இருக்கப்போகிறேன். அவர் கலங்கியது உறுதிக்காக. ஒன்பது பிள்ளைகளையும் அந்த வீட்டில்தான் வளர்த்தேன். கொட்டிலில் ஆடு கட்டினோம், விறகு அடுக்கினோம், பிறகு ஒரு சைக்கிளும் நின்றது. தென்மேற்கு மூலையில் ஒன்றும் வைக்க விடவில்லை. ஏன் என்று கேட்ட பிள்ளைகளுக்கு, அது எங்கடை இல்லை என்று மட்டும் சொன்னேன்.

இவ்வளவுதான். இனிப் பேத்தியைக் கூப்பிட வேண்டும். பிள்ளை, இஞ்சை வந்து இரு. கண்ணாடி போட்டாலும் என் எழுத்து எனக்கே பிடிபடுகுதில்லை. முதலில் இருந்து உரத்து வாசி. புள்ளி பிழைத்திருக்கும், கால் விட்டிருக்கும், நீ திருத்தாதை. நான் எழுதினபடி வாசி, கேட்டிட்டுக் கீழை பேர் வைக்கிறன்.